குடிக்கிற யோகட்டுக்குள்ள மூலிகைச் சாறு: கூடு கட்டிப் போடுறதா, சும்மா கலக்கிறதா?

வெள்ளவத்தையில நானும் மச்சாளும் வீட்டு அடுப்படிக்குப் பின்னால ஒரு சின்ன அறையை ஒதுக்கி குடிக்கிற யோகட் செய்து நாலைஞ்சு கடைக்குக் குடுக்கிறம், வனிலா, ஸ்ட்ரோபெரி, மாம்பழம் எண்டு வழமையான ருசியள் தான். போன மாசம் சுப்பர் மார்க்கட் ஒண்டில சாமான் எடுக்கிற பொறுப்பில இருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டார், "அக்கா, மூலிகை போட்ட யோகட் ஏதும் செய்து தரேலாதோ, சனம் இப்ப அதைத் தான் கேக்குது, ஆனா 21 நாள் தட்டில நிக்கோணும்." மச்சாள் உடன ஓம் எண்டு சொல்லிட்டா. நான் சொல்லேல்லை. முந்தி ஒரு பால் ஃபக்டரியில தரம் பாக்கிற லேப்பில ஒன்பது வருஷம் வேலை செய்தனான், 21 நாளில ஒரு போத்தலுக்குள்ள என்னென்ன நடக்கும் எண்டு கண்ணால கண்டிருக்கிறன். அதுக்குப் பிறகு ரெண்டு பேருமா இருந்து எந்த வழியால செய்யலாம் எண்டு ஒவ்வொண்டாப் பாத்தம், சிலதைச் செய்தும் பாத்தம். எங்களை மாதிரி சின்னதாச் செய்யிற ஆக்கள் கொழும்பில கன பேர் இருக்கினம், அவைக்கு உதவும் எண்டு தான் இதை எழுதுறன்.

முதல்ல ஒரு சொல்லைத் தெளிவாக்கோணும். மூலிகைச் சாற்றை மெல்லிய தோலுக்குள்ள அடைச்சுப் போடுறதை புத்தகத் தமிழில உறையிடுறது எண்டு எழுதுவினம், ஆனா எங்கட வீடுகளில உறை எண்டால் பாலுக்கு விடுற தயிர், மச்சாளோட கதைக்கேக்க "உறை போட்டாச்சோ" எண்டு கேட்டால் எதைக் கேக்கிறன் எண்டு அவவுக்கு விளங்குதில்லை. ஆனபடியா இதில உறை எண்டால் பாலை யோகட் ஆக்கிற பக்டீரியா, கூடு எண்டால் சாற்றைச் சுத்தி இருக்கிற தோல்.

கூடு உண்மையில வேணுமோ எண்டதையே முதல்ல கேக்கோணும். அம்மா மோருக்குள்ள இஞ்சி தட்டிப் போட்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்புப் போட்டு ஆத்தித் தருவா, பத்து மணிக்குக் கலக்கினது பன்னிரண்டு மணிக்கு முடிஞ்சிடும். இலைச்சாறும் பாலும் ஒண்டா இருந்த நேரம் ரெண்டு மணித்தியாலம், அதுக்குள்ள எது எதோட ஒட்டினாலும் குடிக்கிறவைக்குத் தெரியவராது. அதே ரெண்டு மணித்தியாலத்தை 21 நாளா நீட்டேக்க தான் எல்லாச் சிக்கலும் வெளியில வருது. இதை நான் திரும்பத் திரும்ப மச்சாளுக்குச் சொன்னனான், எந்த முறை நல்லம் எண்டு கேக்க முதல் எத்தினை நாள் எண்டு கேக்கோணும், அதுக்குப் பிறகு எந்தச் செடி எண்டு கேக்கோணும், கூடு மூண்டாவது கேள்வி தான்.

யோகட் கட்டியாகேக்க பி.எச். (புளிப்பின்ர அளவு, எண் குறையக் குறைய புளிப்புக் கூட) 4.6 அளவுக்கு வரும், கேசீன் எண்ட பால் புரதம் ஒண்டோட ஒண்டு சேருற இடம் அது தான். பிறகு 4 பாகையில பிரிட்ஜுக்குள்ள வச்சாலும் உறை முழுசா நித்திரை கொள்ளாது, மெல்ல மெல்ல புளிச்சு 4.2, 4.1 எண்டு இறங்கும். இந்தப் புளிப்புக்குள்ள தான் எங்கட சாறு இருக்கப்போகுது. அடுத்தது கேசீனே, அதில புரோலின் எண்ட அமினோ அமிலம் கூட, செடியளில இருக்கிற, துவர்ப்புத் தாற பொலிபீனோலுக்கு அதில ஒட்டுறது எண்டால் சரியான விருப்பம். பிளேன் டீ கடுமையாப் போட்டுக் குடிச்சா நாக்கு இழுக்கும் எல்லோ, அது எங்கட எச்சிலில இருக்கிற அதே மாதிரிப் புரதத்தோட தேயிலைச் சாறு ஒட்டுறதால, அதுக்குள்ள பால் விட்டால் இழுவை குறையுறதுக்குக் காரணம் சாறு போய் கேசீனில ஒட்டிக்கொள்ளுறது. யோகட்டிலயும் இது தான் நடக்குது, கொஞ்சம் ஒட்டினால் நல்லம், கூட ஒட்டினால் மணல் மாதிரி திரிஞ்சு அடியில இருக்கும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும்.

வல்லாரையில தான் நாங்கள் முதல் தொடங்கினது, ஏனெண்டால் காலையில ரோட்டோரத்தில கொல கெந்த எண்ட இலைக்கஞ்சி குடிக்கிற சனத்தைப் பாத்தால் அது நல்லா விலைப்படும் எண்டு மச்சாளுக்கு நம்பிக்கை. மார்க்கட்டில வாங்கின ரெண்டு பிடி வல்லாரையை அரைச்சு வடிச்சு யோகட்டில கலந்தம். முதல் நாள் இளம் பச்சை, பாக்கவே குளிர்ச்சி. மூண்டாம் நாள் பிரிட்ஜைத் திறந்தா போத்தல் காக்கி நிறமா நிக்குது, காஞ்ச இலையை ஊறப்போட்ட தண்ணி மாதிரி. பழுதாப் போட்டுதோ எண்டு மச்சாள் மணந்து பாத்தா, மணம் நல்லாத் தான் இருந்தது. இலைப்பச்சையின்ர நடுவில இருக்கிற மக்னீசியம் புளிப்பில கழண்டு போயிடும், அது போனா பச்சையும் போயிடும். அதோட வல்லாரையில சப்போனின் வகைச் சாறு இருக்கு, ஆசியாட்டிகோசைட் எண்டு சொல்லுறது அந்தக் குடும்பம் தான், அது அடிக்கேக்க நுரைக்கும், கைக்கும். வல்லாரையை அப்பவே விட்டுட்டம். அதை இலைக்கஞ்சியாவே குடிக்கட்டும், அது அதுக்கு ஏத்த இடம்.

சரி, இனி வழியளுக்கு வாறன்.

சும்மா கலக்கிறது, கூடே இல்லாமல். இதைக் குறைச்சு நினைக்கக் கூடாது. மஞ்சளுக்கு என்ர முடிவு இது தான். மஞ்சளுக்கு நிறம் குடுக்கிற குர்குமின் தண்ணியில கரையாது, கொழுப்பையும் புரதத்தையும் தேடி ஓடுற சாமான், பாலில கேசீன் சின்னச் சின்ன உருண்டையா மிதக்குது, ஒரு உருண்டை சராசரியா 150 நானோமீற்றர், அதுக்குள்ள குர்குமின் தானே போய் ஒளிச்சுக்கொள்ளும். மாடே கட்டித் தந்த கூடு அது, நாங்கள் காசு குடுத்து இன்னொரு கூடு கட்டத் தேவையில்லை. மஞ்சளைப் பச்சைப் பாலிலயே போட்டு, பாலோட சேத்து 85 பாகையில அரை மணித்தியாலம் வச்சு, 43 பாகைக்கு ஆறவிட்டு உறை போட்டம். குர்குமின் புளிப்புக்கு எதிரான காரத்தன்மையில தான் கெட்டுப்போகும், புளிப்பில உறுதியா நிக்கும், அதால யோகட் அதுக்கு நல்ல வீடு. ஒரே எதிரி வெளிச்சம், கண்ணாடிப் போத்தலைக் கடையில லைட்டுக்குக் கீழ வச்சா மஞ்சள் வெளிறும், அதால வெளிச்சம் புகாத போத்தல் வேணும்.

அளவையும் சொல்லோணும். மஞ்சள் தூளில குர்குமின் ஏறத்தாழ 3 வீதம், 200 மில்லி போத்தலுக்கு 1 கிராம் தூள் போட்டால் 30 மில்லிகிராம் வரும். உடம்பு எடை ஒரு கிலோவுக்கு நாளைக்கு 3 மில்லிகிராம் எண்டது உணவில சேக்கிற குர்குமினுக்கு ஏற்றுக்கொண்ட எல்லை, அப்ப 60 கிலோ ஆளுக்கு 180, எங்கட போத்தல் அதுக்கு நல்லாக் கீழ நிக்குது. மிளகும் சேப்பம் எண்டு மச்சாள் சொன்னா, 1998இல வந்த ஒரு ஆய்வில 2 கிராம் குர்குமினோட மிளகுக்கு உறைப்புத் தாற பிப்பெரின் 20 மில்லிகிராம் குடுத்து இரத்தத்தில சேருறது 20 மடங்கு கூடினதாக் கண்டவை, அது உண்மை தான். ஆனா மிளகில பிப்பெரின் 5 வீதம் எண்டு வச்சாலும் 20 மில்லிகிராமுக்கு 0.4 கிராம் மிளகு வேணும், இனிப்பு யோகட்டில அது தொண்டையைக் கடிக்கும், அதோட அதே பிப்பெரின் சில மருந்துகளையும் உடம்பில கூட நிக்க வைக்கும். மருந்து குடிக்கிற வயசுபோன ஆக்கள் தான் எங்கட வாடிக்கைக்காரர், அதால ருசிக்கு ஒரு துளி மட்டும் போடுறம், அதுக்கு மேல வேண்டாம் எண்டு நான் பிடிவாதமா நிண்டனான். மஞ்சளை முழுசா வாங்கி நாங்களே அரைக்கிறம், 2019 கடைசியில இறக்குமதியை நிப்பாட்டின பிறகு விலை ஏறினதும் தூளில என்னென்னத்தைக் கலந்தவை எண்டதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கறுவா வேற கதை. எங்கட கறுவா 2022இல ஐரோப்பிய ஒன்றியத்தில புவியியல் குறியீடு வாங்கின சாமான், அதைப் போட்டா பேரே விலைப்படும், கூமரின் எண்ட ஈரலுக்குக் கூடாத சாமானும் சீனக் கறுவாவில இருக்கிற மாதிரி இல்லை, எங்கடதில மிகக் குறைவு. ஆனா கறுவாப்பட்டை எண்ணெய் பக்டீரியாவைக் கொல்லுறதில கெட்டிக்காரன், உறைக்கும் கூடாத கிருமிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. பாலில நேர விட்டு உறை போட்டால் ஆறு மணித்தியாலத்தில கட்டியாக வேண்டிய பால் பொழுது பட்டும் தண்ணியாவே நிக்கும், எங்களுக்கு நடந்தது அது தான், 4 லீற்றர் பால் போச்சு. பிறகு ஒரு சுகமான வழி பிடிபட்டது. எண்ணெயை முதல்ல பால் ஆடையில கலந்து, அந்த ஆடையைப் பாலோட சேத்து நல்லா அடிச்சா, எண்ணெய் கொழுப்புத் துளிக்குள்ள போயிடும், துளியைச் சுத்திப் புரதம் போத்துக்கொள்ளும், தண்ணிப் பகுதியில இருக்கிற உறைக்கு அவ்வளவு அடி விழாது. இதுவும் ஒரு கூடு தான், பேர் மட்டும் பெரிசில்லை. ஆனா கொழுப்பு எடுத்த பாலில இது சரிவராது. பட்டையைத் தண்ணியில அவிச்சு, யோகட் ஆகின பிறகு அந்த அவியலைச் சீனிப்பாகோட கலக்கிறது இதை விட லேசு, வீட்டில செய்யிறவைக்கு நான் அதைத் தான் சொல்லுவன்.

இனி கடையில விக்கிற கூடு, ஸ்ப்ரே ட்ரை செய்த தூள். பால்மா செய்யிற அதே மாதிரி மெஷின், சாற்றோட மோல்டோடெக்ஸ்ட்ரினோ (மாச்சத்தில செய்யிற தூள்) கம் அரபிக்கோ (மரப்பிசின்) கலந்து 160, 180 பாகைக் காத்துக்குள்ள தெளிப்பினம், தண்ணி நொடியில ஆவியாகி தூள் விழும், தூள் வெளிய வாற இடத்தில 80, 90 பாகை தான் இருக்கும், அதால சாறு பெரிசாக் கருகாது. மெஷினை நாங்கள் வாங்கேலாது, ஆனா தூளை வாங்கலாம், இந்தியாவில இருந்து வாற நெல்லித் தூள், கிரீன் டீத் தூள் எல்லாம் கிடைக்குது, விக்கிறவை "என்கப்சுலேற் செய்தது அக்கா", அதாவது கூடு கட்டினது, எண்டு அழுத்திச் சொல்லுவினம். இங்க தான் எல்லாரும் கவனிக்கோணும். மோல்டோடெக்ஸ்ட்ரினும் கம் அரபிக்கும் தண்ணியில கரையிற சாமான். குடிக்கிற யோகட்டில எண்பது வீதத்துக்கு மேல தண்ணி. தூளைப் போட்டுக் கலக்கின அஞ்சு நிமிஷத்தில கூடு கரைஞ்சு போச்சு, சாறு வெளிய வந்திட்டுது, இனி அது சும்மா கலக்கினதுக்குச் சமம் தான். அந்தக் கூடு காப்பாத்தினது பைக்குள்ள இருந்த தூளை, போத்தலுக்குள்ள இருக்கிற சாற்றை இல்லை. பெரிய விலை குடுத்து அந்தத் தூளை வாங்கி, போத்தலில கூடு கட்டினது எண்டு எழுதி விக்கிறதில எனக்கு மனம் ஒப்பேல்லை.

தூள் முழுக்கக் கூடாது எண்டு சொல்ல வரேல்லை. அளவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், பச்சை இலையில மாதிரி மண்ணும் கிருமியும் இல்லை, வைக்கிறதும் லேசு. ஆனா கொழும்புக் காத்தில வருஷம் முழுக்க ஈரம், பையைத் திறந்து வச்சிட்டு ரெலிபோன் கதைச்சிட்டு வந்தா தூள் பனங்கட்டி மாதிரி இறுகிப் போயிருக்கும். வாங்கினா சின்னப் பையா வாங்கி உடனயே முடிக்கோணும்.

அப்ப தண்ணியில கரையாத கூடு எது? எங்கட கைக்கு எட்டினது அல்ஜினேற் தான். கடல் பாசியில எடுக்கிற சோடியம் அல்ஜினேற்றை 100 மில்லிக்கு 2 கிராம் அளவில கரைச்சு சாற்றோட கலந்து, கல்சியம் கரைஞ்ச தண்ணிக்குள்ள துளித் துளியா விட்டா, கல்சியம் பட்ட இடமெல்லாம் இறுகி உருண்டையாகும். மெஷின் ஒண்டும் வேண்டாம், ஃபார்மசியில வாங்கின ஊசியில்லாத சிரிஞ்ச் காணும். துளி விழேக்க முதல்ல தட்டையாகி, உள்ள போய் உருண்டு, ஒரு சின்ன வாலோட நிக்கும், சிரிஞ்சைக் கொஞ்சம் உயர்த்தினா வால் இல்லாமல் வட்டமா வரும். ஒரு நிமிஷத்தில விரலால எடுத்து நசிச்சா தோல் இறுக்கமா, உள்ள இன்னும் தண்ணியா இருக்கும், பத்து நிமிஷம் விட்டா உள்ளயும் இறுகும். மச்சாளின்ர சின்ன மகள் வந்து பாத்திட்டு, "மாமி, சவ்வரிசி மாதிரி இருக்கு" எண்டாள். கல்சியம் குளோரைட் மலிவு, ஆனா கழுவினாப் பிறகும் ஒரு கைப்பு நிக்கும், கல்சியம் லக்டேற் கொஞ்சம் விலை, ருசி கெடாது, சாப்பாட்டுக்கு அது தான்.

இதுக்கு நாங்கள் எடுத்தது நெல்லி. பொலிபீனோல் கூட, இழுவை கூட, சும்மா கலந்தா கேசீனோட ஒட்டித் திரியும், அதால உண்மையிலயே கூடு தேவைப்படுற சாமான் எண்டால் அது தான். புறக்கோட்டையில கபோஸ் லேனுக்குப் போய் காஞ்ச நெல்லி கேட்டன். "முதலாளி, இது எந்த வருஷத்துச் சரக்கு?" அவர் ஒரு பிடி அள்ளி என்ர கையில போட்டார். "கடிச்சுப் பாருங்கோ அம்மா, பழசு எண்டால் புளிக்காது, கைக்க மட்டும் செய்யும்." கடிச்சன், நல்லாப் புளிச்சுது, அரைக் கிலோ வாங்கினன்.

வீட்டுக்கு வந்து நெல்லிச் சாற்றை அல்ஜினேற்றுக்குள்ள விட்டு பிளெண்டரைப் போட்டன், ஒரு நிமிஷத்தில சாடிக்குள்ள முழுக்கத் திட்டுத் திட்டா வெண்டிக்காய் வழுவழுப்பு. இதை நான் முன்னமே யோசிச்சிருக்கோணும், பி.எச். 4க்குக் கீழ போகப் போக அல்ஜினேற் தானே கட்டியாகத் தொடங்கும், நெல்லி 3க்குக் கிட்ட நிக்கிற சாமான். சோடியம் சிற்றேற் கொஞ்சம் போட்டு சாற்றின்ர புளிப்பைக் குறைச்சுப் போட்டுப் பிறகு கலந்தா வடிவாச் சேந்திது. ஆனா சிற்றேற் கூடினா அது கல்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கொண்டு உருண்டையை இறுக விடாது, கொஞ்சம் கொஞ்சமாத் தான் போடோணும். இன்னொண்டு, அல்ஜினேற்றைப் பாலிலயோ யோகட்டிலயோ நேர கலக்கப் போகாதேங்கோ, பாலிலயே கல்சியம் இருக்கு, முழுக்கக் கட்டியாப் போயிடும்.

யோகட்டுக்குள்ள இந்த உருண்டை நல்லா நிக்குது. புளிப்பான யோகட்டில பாலின்ர கல்சியம் கரைஞ்சு வெளிய நிக்கிறதால உருண்டை இன்னும் இறுக்கமாத் தான் இருக்கும், சாதாரண பாலில போட்டா மெல்ல மெல்ல இளகும். வயித்துப் புளிப்பிலயும் சுருங்கி நிண்டு, குடலுக்குள்ள பி.எச். ஏறின பிறகு தான் ஊதி உடையும், மருந்துக்காரர் அல்ஜினேற்றை விரும்புறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா உருண்டை ஒரு வலை மாதிரி, ஓட்டை இருக்கு. தண்ணியில கரையிற சாறு அதுக்குள்ளால மெல்லக் கசியும். எங்கட போத்தலில அஞ்சாம் நாளே யோகட்டில ஒரு மங்கல் நிறம் தெரிஞ்சுது. பெரிய மூலக்கூறு மெல்லக் கசியும், விற்றமின் சி மாதிரிச் சின்னது கெதியா ஓடிடும், அதால விற்றமின் சி கணக்குக் காட்டி இந்த உருண்டையை விக்கேலாது. ஓட்டையை அடைக்க கைட்டோசான் எண்ட சாமானால மேல ஒரு பூச்சுப் பூசுறவை, வேலை செய்யும், ஆனா அது இறால், நண்டு ஓட்டில எடுக்கிறது. வெள்ளவத்தையில வெள்ளிக்கிழமை விரதக்காரர் எங்கட யோகட்டை நம்பி வாங்கினம், அவைக்குத் தெரியாமல் அதைப் போடேலாது, தெரியப்படுத்தினா வாங்க மாட்டினம். அதால சோள மாவைக் காய்ச்சி அல்ஜினேற்றோட கொஞ்சம் சேத்தம், கசிவு முழுக்க நிக்கேல்லை, ஆனா மங்கல் தெரிய பத்து நாளுக்கு மேல போச்சு.

பெரிசு எண்டது இந்த உருண்டையின்ர மற்றக் குறை. சிரிஞ்சில விட்டா ரெண்டு மூண்டு மில்லிமீற்றர், நாக்குக்குத் தெரியும். முப்பது மைக்ரோன் (0.03 மில்லிமீற்றர்) அளவில இருக்கிற இறுக்கமான துணிக்கையையே நாக்கு மணல் எண்டு கண்டுபிடிக்கும். நான் யோசிச்சது, ஒளிக்கேலாததை ஏன் ஒளிக்கோணும்? பலூடாவில கசகசாவைக் கடிச்சுக் குடிக்கிற ஊர் இது. உருண்டையை உருண்டையாவே காட்டுவம், சனம் கடிக்கட்டும். ஆனா அப்பிடி எண்டால் போத்தல் வாய் அகலமா இருக்கோணும்.

மற்ற வழியளைக் கெதியாச் சொல்லிட்டுப் போறன். ஜெலற்றினும் கம் அரபிக்கும் சேத்துக் கட்டுற கூடு எண்ணெய்ச் சாமானுக்குச் சரியான அருமை, ஆனா ஜெலற்றின் மாட்டிலயோ பண்டியிலயோ எடுத்தது, ஒரு பக்கம் ஹலால் கேள்வி, மறுபக்கம் சைவம், கொழும்பில ரெண்டு பக்கத்துக்கும் விக்கிற எங்களுக்கு அது வேண்டாம். லிபோசோம் எண்டது சோயா லெசித்தினால கட்டுற நுண்ணிய பை, நூறு இருநூறு நானோமீற்றர், நாக்குக்குத் தெரியாது, இழுவையை மறைக்கும், ஆனா அதைக் கட்ட உயர் அழுத்த மெஷின் வேணும், காத்துப் பட்டு ஊசிப்போற பயமும் இருக்கு. பீற்றா சைக்ளோடெக்ஸ்ட்ரின், ஏழு குளுக்கோஸ் வளையமாச் சேந்தது, கைப்பை நல்லா மறைக்கும், ஆனா ஏற்கலாம் எண்ட எல்லை ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் தான், சின்னப் பிள்ளையள் குடிக்கிற சாமானில அந்தக் கணக்கைப் பாக்காமல் போடேலாது. ரெண்டும் பெரிய ஃபக்டரிக்குச் சரி, எங்களுக்கு இல்லை.

எப்ப போடுறது எண்டதும் முறையளவுக்கு முக்கியம். மஞ்சளைப் பாலோட முதல்ல, கறுவா அவியலை யோகட் ஆகினாப் பிறகு, நெல்லி உருண்டையைப் போத்தலில நிரப்புறதுக்குச் சற்று முன்னம், உருண்டையைச் சுத்தமான கொதிநீரில அலசி. கோடெக்ஸ் எண்ட சர்வதேச உணவு நியமப்படி யோகட் எண்டு பேர் வைக்க ஒரு கிராமில 1 கோடி உறைப் பக்டீரியாவாவது முடிவு நாள் வரைக்கும் உயிரோட இருக்கோணும், புளிக்க வச்ச பால் பானம் எண்டால் அதில 40 வீதமாவது புளிக்க வச்ச பால் இருக்கோணும். மூலிகை போடுற ஆசையில இந்த ரெண்டையும் மறந்தால் போத்தலில யோகட் எண்டு எழுத உரிமை இல்லை.

லேப்புக்குக் குடுக்கேக்க ஒரு விசயம். மொத்த பொலிபீனோல் பாக்கிற ஃபோலின் பரிசோதனையில பொலிபீனோல் இருந்தா நீலமாகும், ஆனா அது வெறும் யோகட்டுக்கும் நீலம் காட்டும், பால் புரதமும் விற்றமின் சியும் சேந்து பொய்க்கணக்குக் காட்டும். அதால சாறு போடாத அதே யோகட்டையும் சேத்துக் குடுத்து, அதைக் கழிச்சுப் பாக்கோணும், முதல் நாள் ஒருக்கா, ஏழாம் நாள் ஒருக்கா, கடைசி நாள் ஒருக்கா. கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் மாதிரி இடத்தில குடுக்கேக்க இதை நாங்களே சொல்லிக் குடுத்தா நல்லம். முதல் நாள் கணக்கை மட்டும் வச்சு லேபல் அடிக்கிறது பிழை, சனம் வாங்கிக் குடிக்கிறது முதல் நாள் இல்லை.

லேபலில நோய் பேர் ஒண்டும் வராது, அதிலயும் நான் உறுதி. எங்கட கடைக்கு வாற ஒரு அன்ரி, சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவ, "பிள்ளை, இதைக் குடிச்சா குளிசையைக் குறைக்கலாமோ?" எண்டு கேட்டவ. "இல்லை அன்ரி, குளிசையை டொக்டரைக் கேக்காமல் தொடாதேங்கோ, இது ருசிக்கும் சத்துக்கும் குடிக்கிற யோகட், இதிலயும் சீனி இருக்கு" எண்டு சொன்னன். அவவின்ர முகம் கொஞ்சம் வாடிப்போச்சு, ஆனாலும் ரெண்டு போத்தல் வாங்கிக்கொண்டு தான் போனவ. அந்த அன்ரியை நினைச்சுத் தான் நான் நாள் கணக்கில இவ்வளவு கண்டிப்பா இருக்கிறன். அதோட 2022இல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் போன நாளுகள் இருந்தது, பிரிட்ஜ் நிண்டா கூடு எது கட்டினாலும் யோகட் புளிச்சுப் போகும், 21 நாள் எண்டு அடிக்கிறவை அதையும் கணக்கெடுக்கோணும்.

கடைசியா நாங்கள் எடுத்த முடிவு ரெண்டு. பக்கத்துக் கடையளுக்கு மஞ்சள் யோகட், கூடு இல்லாமல், ஏழு நாள். சுப்பர் மார்க்கட்டுக்கு நெல்லி உருண்டை போட்டது. கறுவா தீபாவளிக்குப் பிறகு பாப்பம்.

அந்தத் தம்பிக்கு நேற்று ரெலிபோன் எடுத்தன். "தம்பி, 21 தரேலாது. 14 தான் தருவன், பதினஞ்சாம் நாள் அந்த உருண்டைக்குள்ள நெல்லி எவ்வளவு மிஞ்சும் எண்டு என்னால உறுதி சொல்லேலாது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி அக்கா, 14 எண்டு போடுவம், ஆனா கிழமைக்கு ரெண்டு தரம் கொண்டு வந்து தரோணும், போத்தல் வாயும் அகலமா இருக்கோணும்" எண்டார். மச்சாள் இப்ப அகல வாய்ப் போத்தல் விசாரிக்க புறக்கோட்டைக்குப் போயிருக்கிறா, நான் சிரிஞ்சுகளைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறன்.